பெரியப்பாவின் தபாலட்டைத் தளம்: ஃப்ரொன்ட்பேஜை விட்டு எதற்கு மாறுவது?

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா நாற்பது வருடத்துக்கு மேலாகத் திருமலையின் பழைய தபாலட்டைகளைச் சேர்த்தவர். துறைமுகம், பிரெட்றிக் கோட்டை, சுவாமி மலை, கன்னியா வெந்நீரூற்று, டொக்யார்ட் வாசல் என்று மொத்தம் 640 அட்டை. 2004 டிசம்பர் 26 கடல் ஊருக்குள் வந்தபோது அந்தப் பெட்டி மேல்மாடியில் இருந்ததால் தப்பியது. அதற்கு அடுத்த மாதமே பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் படம் எடுத்து இன்ரநெற்றில போடு தம்பி" என்றார். அப்போது எனக்குத் தெரிந்த, இணையப் பக்கம் செய்யும் மென்பொருள் ஃப்ரொன்ட்பேஜ் 2003 மட்டும்தான். ஒரு அட்டைக்கு ஒரு பக்கம், முன்புறம் பின்புறம் என்று இரண்டு படம், கீழே அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிய குறிப்பு. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பெரியப்பா இப்போது இல்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால் ஹோஸ்டிங் எடுத்த இடத்தில் பழைய செர்வரை மூடப்போகிறோம், இரண்டு மாதத்துக்குள் எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டார்கள். எப்படியும் மாற்றத்தான் வேண்டும். போனில் திறந்தால் பக்கம் முழுவதும் கடுகளவு எழுத்து, அதுவும் தமிழாகத் தெரியாமல் ஏதோ ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது. மெனுவில் ஒரு சொல்லை மாற்றினால் 640 பக்கத்தையும் திரும்ப ஏற்ற வேண்டும்.

எந்த மென்பொருளுக்குப் போகலாம்? வேர்ட்பிரஸ், ட்ரீம்வீவர், இழுத்து வைத்துச் செய்யும் ஒன்லைன் தளங்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தமிழ் வடிவாகத் தெரிய வேண்டும், போனில் பார்க்க முடிய வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், எனக்குப் பிறகு என் மகள் பார்த்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

கிண்ணியாக்கரை:
மென்பொருள் கதை பிறகு. முதலில் செர்வரில் இருக்கும் முழுக் கோப்புறையையும் எஃப்.டி.பி. (செர்வரிலிருந்து கோப்புகளை எடுக்கும் வழி) மூலம் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். இன்றைக்கே. இரண்டு மாதம் என்று எழுதியவர்கள் மூன்றாம் வாரமே மூடியதை என் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். இறக்கும்போது அடிக்கோட்டில் தொடங்கி விடிஐ என்று பெயர் வரும் கோப்புறைகள் நிறைய இருக்கும், அது ஃப்ரொன்ட்பேஜ் தன் கணக்குவழக்குக்கு வைத்தது, புதுத் தளத்துக்குத் தேவையில்லை. ஆனால் இப்போதைக்கு அதையும் சேர்த்தே எடுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் உங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், பழைய பிரதி கிடைத்தால் அதுவும் ஒரு காப்பு.

உப்புவெளிக்காற்று:
அண்ணா, கிண்ணியாக்கரை நானா சொன்னதைச் செய்துவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். படங்கள் என்ன அளவில் இருக்கின்றன? மூல ஸ்கேன் இருக்கிறதா? கருத்துப் பெட்டி, விருந்தினர் ஏடு மாதிரி ஏதாவது தளத்தில் உண்டா?

ட்ரீம்வீவர் உங்களுக்குச் சரிவராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நல்ல மென்பொருள்தான், ஆனால் மாதச் சந்தா, அதுவும் டொலரில். அதைவிட முக்கியமான காரணம், அதிலும் நீங்கள் பக்கம் பக்கமாகத்தான் உட்கார்ந்து செய்யப்போகிறீர்கள். ஃப்ரொன்ட்பேஜில் பட்ட அதே பாடு.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
நானா, இறக்கிவிட்டேன். கணனியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. முழுத் தளமும் 90 எம்.பி.கூட இல்லை, மனதுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, எத்தனை இரவு வேலை அது.

தம்பி, படங்கள் எல்லாம் 500 பிக்சல் அகலம். அப்போது டயல்-அப், பெரிய படம் போட்டால் திறக்காது. மூல ஸ்கேன் இருந்த சீடிக்களில் பாதி வாசிக்க முடியவில்லை, மேல்பூச்சு பொருக்கெழும்பிவிட்டது. அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன, திரும்ப ஸ்கேன் செய்யலாம். விருந்தினர் ஏடு இருந்தது. சில வருடத்துக்கு முன் ஒருநாள் அது வேலை செய்யாமல் போய்விட்டது, காரணம் எனக்குத் தெரியாது.

உப்புவெளிக்காற்று:
காரணம் இதுதான். ஃப்ரொன்ட்பேஜின் விருந்தினர் ஏடு, வருகை எண்ணி, தேடல் பெட்டி எல்லாம் செர்வரில் ஃப்ரொன்ட்பேஜ் செர்வர் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று ஒன்று இருந்தால்தான் ஓடும். 2003தான் ஃப்ரொன்ட்பேஜின் கடைசிப் பதிப்பு, 2006இல் மைக்ரோசொஃப்ட் அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டது. பிறகு ஹோஸ்டிங்காரர்களும் அந்த எக்ஸ்டென்ஷனை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். ஏட்டில் எழுதியவை ஒரு எச்.டி.எம்.எல். கோப்பாகச் செர்வரிலேயே இருந்திருக்கும். நீங்கள் இறக்கிய கோப்புறைக்குள் தேடிப் பாருங்கள், கட்டாயம் தேடுங்கள்.

முத்திரைப்பித்தன்:
தம்பி, இழுத்து வைத்துச் செய்யும் ஒன்லைன் தளம் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் போனேன். என் இலங்கை முத்திரைகள் 300க்கு மேல், 1857 ஆறு பென்ஸிலிருந்து ஆறாம் ஜோர்ஜ் வரைக்கும், அப்படி ஒன்றில் ஆறு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். பார்க்க அவ்வளவு அழகு. மாதக் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதையும் கட்டுவோம் என்றுதான் இருந்தேன், ஆனால் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கவில்லை. மூன்று மாதம் கட்டாததால் தளத்தை மறைத்தார்கள், பிறகு அழித்துவிட்டார்கள். இறக்கி எடுக்கலாம் என்று பார்த்தால் அதில் முழுத்தளத்தையும் வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை, ஒவ்வொரு பக்கமாகச் சேமிக்க வேண்டுமாம். நான் எழுதிய குறிப்புகளுக்கு வேறு பிரதியும் வைக்கவில்லை. முத்திரைகள் அல்பத்தில் இருக்கின்றன, குறிப்புகள் போயே போய்விட்டன. இன்னும் அந்தக் கவலை ஆறவில்லை.

ஒன்று கேட்கிறேன், 1935இல் வந்த ஐந்தாம் ஜோர்ஜ் வரிசையில் ஒரு ரூபா முத்திரையில் இருப்பது நம் திருகோணமலைதான். உங்கள் பெரியப்பாவிடம் அது ஒட்டிய உறை ஏதாவது இருந்ததா?

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
ஒன்று இருக்கிறது ஐயா. தபாலட்டை இல்லை, நீள உறை. 640இல் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் குறிப்புகள் போனதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது.

பனையோலை:
இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். முப்பது வருடம் நூலகத்தில் பட்டியலாக்க வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், அதனால் என் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. நீங்கள் எல்லாரும் எந்த மென்பொருள் என்று கேட்கிறீர்கள். முத்திரைப்பித்தன் ஐயாவுக்கு நடந்ததற்கும், தபாலட்டைத் தம்பிக்கு இப்போது நடப்பதற்கும் காரணம் ஒன்றே: பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. தகவல் முழுவதும் பக்க வடிவமைப்புக்குள் புதைந்து கிடந்தது. மென்பொருள் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

ஆகவே முதலில் எக்செல் மாதிரி ஒரு விரிதாள். ஒரு அட்டைக்கு ஒரு வரிசை. அதில் என்ன நிரல் (மேலிருந்து கீழாக வரும் பத்தி) வேண்டும் என்று நீங்கள் தலையை உடைக்க வேண்டாம், 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் என்ற ஊரில் கூடி உருவாக்கத் தொடங்கிய டப்ளின் கோர் என்று ஒரு முறை இருக்கிறது. அடிப்படையில் 15 விவரம்தான்: தலைப்பு, ஆக்கியவர், பொருள், விளக்கம், வெளியீட்டாளர், திகதி, வகை, மொழி, உரிமை என்று போகும். உங்களுக்கு எல்லாம் தேவைப்படாது. ஆனால் அந்தப் பெயர்களிலேயே நிரல்களை வைத்தால் நாளைக்கு எந்தச் சேகரிப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் அது புரிந்துகொள்ளும்.

மிக முக்கியம், ஒவ்வொரு அட்டைக்கும் மாறாத எண். அதே எண்தான் படத்தின் கோப்புப் பெயரும். அதே எண்ணைப் பென்சிலால், மென்மையான பென்சிலால், அட்டை இருக்கும் உறையில் எழுதுங்கள். அட்டையில் எழுத வேண்டாம்.

640ஐயும் இப்போதே தொடங்க வேண்டாம். பத்து அட்டை எடுங்கள். அந்தப் பத்தையும் முழுமையாகச் செய்து இங்கே சொல்லுங்கள். பிறகு மென்பொருளைப் பேசுவோம்.

உப்புவெளிக்காற்று:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
பத்தும் முடிந்தது அக்கா. நான்கு இரவு போனது. ஒரு அட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எண் 147. கன்னியா வெந்நீரூற்று. முன்புறம் கைநிறம் பூசிய படம், கிணற்றுக் கட்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் கையில் வாளி. பழைய தளத்தில் நான் எழுதியிருந்தது "கன்னியா, ஏழு கிணறுகள்" என்ற ஒரே வரி. இப்போது பின்புறத்தைப் பெரிதாக ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் வெளியிட்டவர் பெயர், பிளாட்டே கம்பனி, கொழும்பு. முத்திரையில் ஏழாம் எட்வர்ட் தலை. அதன்மேல் குத்திய தபாலகச் சீல் பாதி அழிந்திருக்கிறது, மாதம் தெரிகிறது, வருடம் தெரியவில்லை. மூலையில் பெரியப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், "அப்பாவுக்கு வைத்தியம் செய்த நேரம் வாங்கியது, காலி, 3/-" என்று இருக்கிறது. இருபது வருடமாக இது என் கண்ணில் படவில்லை. அவருடைய அப்பா என்றால் என் தாத்தா. தாத்தாவைக் காலிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்த கதையே எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

அக்கா, இந்த அட்டைக்குத் திகதி நிரலில் என்ன போடுவது? எட்வர்ட் மன்னர் 1901 முதல் 1910 வரை. நான் 1905 என்று நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

பனையோலை:
1905ஐ எடுத்துவிடுங்கள் தம்பி. நடுவில் ஒன்றைப் போட்டால் பத்து வருடம் கழித்து யாரோ அதை உண்மை என்று எடுத்து எழுதுவார்கள். மன்னர் தலை சொல்வது ஒன்றுதான்: 1901க்கு முன் இந்த அட்டை தபாலில் போயிருக்க முடியாது. 1910க்குப் பிறகும் மிச்சமிருந்த முத்திரையை யாராவது ஒட்டியிருக்கலாம், ஆகவே மறுபக்க எல்லை அவ்வளவு உறுதியில்லை. பின்புறம் முகவரிக்கு ஒரு பாதி, செய்திக்கு ஒரு பாதி என்று நடுவில் கோடு இருக்கிறதா? பிரிட்டனில் 1902இல்தான் அப்படிப் பிரித்த அட்டையை அனுமதித்தார்கள், மற்ற இடங்களில் அதற்குப் பிறகு. கோடு இருந்தால் அதுவும் ஒரு தடயம். திகதி நிரலில் "1901க்குப் பின்" என்று போட்டு, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

பெரியப்பாவின் பென்சில் வரிக்குத் தனி நிரல் வையுங்கள். "சேகரித்தவர் குறிப்பு" என்று. அதை அப்படியே, அவர் எழுதிய எழுத்து மாறாமல் தட்டுங்கள். 640 அட்டையும் பொதுச் சொத்து மாதிரி, இன்னொருவரிடமும் பிரதி இருக்கும். அந்தப் பென்சில் வரி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
கோடு இருக்கிறது அக்கா. எழுதிவிட்டேன்.

இன்னொரு சிக்கல். பாமினிக் குறிப்புகளை ஒரு மாற்றியில் போட்டு எல்லாக் கணனியிலும் தெரியும் யுனிகோடுக்குக் கொண்டுவந்தேன். தமிழ் நன்றாக வருகிறது, ஆனால் இடையில் இருந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் கெட்டுவிட்டது. சிலோன் என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் "ஊநலடழ" என்று வந்து வாலில் ஒரு தனிக் கொம்பு நிற்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கி 30 அட்டையில் களைத்துவிட்டேன்.

உப்புவெளிக்காற்று:
நிறுத்துங்கள் அண்ணா, கையால் செய்ய வேண்டாம்.

பாமினியில் உண்மையில் தமிழ் எழுத்து என்று ஒன்று கோப்புக்குள் இல்லை. தமிழ் என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு கணனியில் இருந்தால் அதைத் தமிழாக வரைந்து காட்டும், இல்லாவிட்டால் குவியல்தான். உங்கள் பக்கங்களைக் கூகுளில் யாரும் தமிழில் தேடிப் பிடிக்க முடியாமல் இருந்ததும் இதனால்தான். மாற்றிக்கு எது ஆங்கிலம் எது பாமினி என்று தெரியாது, எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

ஆனால் ஃப்ரொன்ட்பேஜ் ஒரு உதவி செய்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் இது பாமினி, இது ஏரியல் என்று எழுத்துருப் பெயரை எச்.டி.எம்.எல்.லில் எழுதி வைத்திருக்கும். பாமினி என்று குறித்த துண்டை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று பைதன் என்ற கணனி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் முடிந்தது. கோப்புறையை அனுப்புங்கள், சனிக்கிழமை செய்து தருகிறேன். புரோகிராம் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எண், தலைப்பு, குறிப்பு மூன்றையும் பிரித்து நேராக விரிதாள் வரிசையாகவே தந்துவிடும்.

கிண்ணியாக்கரை:
விரிதாள் விஷயத்தில் மூன்று இடத்தில் கவனம். 0147 என்று தட்டினால் முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிடும், ஆகவே எண்ணுக்கு முன் ஒரு எழுத்துச் சேர்த்து த0147 மாதிரி வையுங்கள், ஆனால் கோப்புப் பெயராக வருவதால் ஆங்கிலச் சிறிய எழுத்தில். 3-5 என்று தட்டினால் திகதியாக்கிவிடும், முழு நிரலையும் வெறும் உரை என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். எக்செல் 1900க்கு முந்திய திகதியைத் திகதியாகவே எடுக்காது என்பதால் உங்களுக்கு இது இன்னும் அவசியம். மூன்றாவது, சி.எஸ்.வி.யாக (விரிதாளை வெறும் உரையாக வைக்கும் கோப்பு) சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று எழுதியிருக்கும் தெரிவை எடுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யை எடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், திருப்பி எடுக்கவும் முடியாது. எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஒபிஸ் சேமிக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று கேட்கும், அதனால் நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
தம்பி, நானா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. புரோகிராம் ஓடியது. 640 வரிசையும் வந்துவிட்டது, சிலோன் சிலோனாகவே இருக்கிறது.

சரி, பட்டியல் இருக்கிறது. இனி மென்பொருள்.

கிண்ணியாக்கரை:
நான் வேர்ட்பிரஸ் என்றுதான் சொல்வேன். மகள் போனிலிருந்தே திருத்தலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கருத்துப் பெட்டி இருக்கும். பழைய படத் தளத்துக்குக் கருத்துப் பெட்டிதான் உயிர். இது என் மாமா நிற்கிறார், இந்தப் பாலம் இப்போது இல்லை என்று எழுதுவது அங்கேதான். சி.எஸ்.வி.யை ஏற்றுவதற்கும் பிளகின் இருக்கிறது.

உப்புவெளிக்காற்று:
நானா, கருத்துப் பெட்டி பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வேர்ட்பிரஸ் என்றால் செர்வரில் பி.எச்.பி., தரவுத்தளம், பிளகின், தீம் எல்லாவற்றையும் மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வருடம் யாரும் பார்க்காமல் விட்டால் உள்ளே யாராவது புகுந்து மருந்து விளம்பரம் போட்டிருப்பார்கள். ஒரு படம் ஏற்றினால் அதுவாகவே ஆறேழு அளவில் பிரதி செய்துகொள்ளும், 1,280 படத்துக்கு ஒன்பதாயிரம் கோப்பு வரை வரும், மலிவான ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

இது தினமும் மாறும் தளம் இல்லை. மாறாத தளத்துக்கு மாறாத பக்கம் போதும். என் தெரிவு கலெக்‌ஷன்பில்டர். ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தார் சேகரிப்புகளுக்கென்றே செய்த இலவசக் கருவி. ஒரு சி.எஸ்.வி., ஒரு படக் கோப்புறை, இரண்டையும் கொடுத்தால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பக்கம், படங்களாக அடுக்கிய பக்கம், வரைபடம், காலவரிசை எல்லாம் அதுவாகச் செய்துவிடும். அடியில் இருப்பது ஜெகில் என்ற, மாறாத பக்கங்களைச் செய்து தரும் கருவி. கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்தால் ஹோஸ்டிங் செலவு இல்லை. அங்கே தளம் ஒரு ஜி.பி.க்குள் இருக்க வேண்டும், இலவசக் கணக்கென்றால் கோப்புறை எல்லாருக்கும் திறந்திருக்கும். 1,280 படத்தையும் சுமார் 300 கே.பி. அளவில் வைத்தால் 400 எம்.பி.க்குள் அடங்கும். டொமைனுக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை காசு.

பனையோலை:
தம்பி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. மூல ஸ்கேன் வேறு, தளத்துப் படம் வேறு என்பதை மறக்க வேண்டாம். மூலத்தை 600 டி.பி.ஐ.யில் டிஃப் கோப்பாக எடுங்கள். ஐந்தரைக்கு மூன்றரை அங்குல அட்டை 3,300க்கு 2,100 பிக்சல் வரும், ஒன்று 20 எம்.பி.க்குச் சற்று மேல். இரண்டு புறமும் சேர்த்து எல்லாவற்றுக்கும் 27 ஜி.பி. போதும், அது வீட்டில் இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் நல்லது. கடலுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நானா கேட்ட கருத்துப் பெட்டியைப் பற்றி: பழைய விருந்தினர் ஏடு கிடைத்ததா?

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
கிடைத்தது அக்கா. நேற்று இரவு ஒரு மணி வரை அதைத்தான் வாசித்தேன். 212 பதிவு. கனடா, லண்டன், சுவிஸ், சீனக்குடா. பாதி வெறும் வாழ்த்து. ஆனால் ஒருவர் 88ஆம் அட்டையைப் பார்த்துவிட்டு, அதில் தெரியும் மரத்தின் கீழ்தான் தன் அம்மா கச்சான் விற்றதாகவும், அந்த மரம் எந்த வருடப் புயலில் விழுந்தது என்றும் எழுதியிருக்கிறார். இன்னொருவர் 301ஐ நான் உட்துறைமுகம் என்று எழுதியது பிழை, அது வெளிப்பக்கம், பின்னால் தெரியும் மலையைப் பாருங்கள் என்கிறார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அவர் எழுதியது 2007இல். நான் ஒரு பதில்கூடப் போடவில்லை.

பனையோலை:
அந்த 212ஐயும் பட்டியலுக்குள் கொண்டுவாருங்கள். "வாசகர் குறிப்பு" என்று நிரல், எழுதிய வருடத்தோடு. பெயரைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும், கேட்க முடியாவிட்டால் ஊரை மட்டும் போடுங்கள். பிந்திய கால அட்டைகளில் இன்றும் ஆட்கள் இருக்கும் வீட்டு முகவரி இருந்தால் தளத்துப் படத்தில் அந்த இடத்தை மறைத்துவிடுங்கள், மூலத்தில் தொட வேண்டாம்.

கிண்ணியாக்கரை:
சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். வாசகர் சொல்வது பட்டியலுக்குள்ளேயே போகுமென்றால் கருத்துப் பெட்டி அவசியமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மின்னஞ்சல் முகவரியும் அட்டை எண்ணும் வருகிற மாதிரி ஒரு இணைப்பு மட்டும் வையுங்கள்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
பத்து அட்டையை வைத்துக் கலெக்‌ஷன்பில்டரில் போட்டேன். மகள்தான் கிட்ஹப் கணக்குத் திறந்தாள். தளம் எழுந்துவிட்டது. போனில் அவ்வளவு வடிவு. ஆனால் பத்தில் நான்கு படம் தெரியவில்லை. கோப்பு அங்கேதான் இருக்கிறது, பெயரும் சரி.

உப்புவெளிக்காற்று:
ஒன்றில் ஜே.பி.ஜி. பெரிய எழுத்திலும் மற்றதில் சிறிய எழுத்திலும் இருக்கும், பாருங்கள். உங்கள் பழைய செர்வர் விண்டோஸ், அதற்கு இரண்டும் ஒன்று. இங்கே இரண்டும் வேறு. எல்லாக் கோப்பையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தேடலையும் சோதியுங்கள். லூனர் என்ற தேடற் கருவியை எங்காவது சேர்த்தால், அது சொல்லின் முன்னாலும் பின்னாலும் ஆங்கிலம் அல்லாத எழுத்தை வெட்டிவிடும், தமிழ்ச் சொல் முழுவதுமே வெறுமையாகிவிடும். அதற்குத் தமிழ்ச் சேர்க்கை தனியாக இருக்கிறது, அதைப் போட வேண்டும்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
நான்கும் கெமராவிலிருந்து வந்த பெரிய எழுத்துக் கோப்புகள்தான். சரியாகிவிட்டது. தமிழ்ச் சேர்க்கையையும் மகள் போட்டாள், "வெந்நீரூற்று" என்று தட்டினால் 147 வருகிறது.

முத்திரைப்பித்தன்:
பழைய பக்க முகவரிகளை என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் தளத்தின் ஐந்தாறு பக்கத்துக்கு நானே மற்ற இடங்களில் இணைப்புக் கொடுத்திருக்கிறேன்.

உப்புவெளிக்காற்று:
டொமைன் அதே என்பதால் வழி இருக்கிறது ஐயா. பழைய பெயரிலேயே 640 குட்டிப் பக்கம், ஒவ்வொன்றிலும் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஒரே வரி. பட்டியலில் பழைய பெயர் ஒரு நிரலாக இருக்கிறது, புரோகிராம் ஒரு நிமிடத்தில் செய்துவிடும். நாளைக்குப் போடுகிறேன்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பழைய செர்வர் நேற்று மூடிவிட்டது. டொமைன் புது இடத்தைக் காட்டுகிறது. 640 அட்டைக்கும் பக்கம் இருக்கிறது, ஆனால் புது ஸ்கேன் 190தான் முடிந்தது, மற்றவற்றில் பழைய சின்னப் படமே நிற்கிறது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, காற்றில் ஈரம், ஆகவே அட்டைகளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்துவிட்டேன். தை பிறந்த பிறகுதான் மீதி.

முத்திரைப்பித்தன் ஐயா, அந்த ஒரு ரூபா முத்திரை ஒட்டிய உறையை 641 என்று சேர்த்துவிட்டேன். முத்திரை பற்றிய குறிப்பு நிரல் காலியாக இருக்கிறது. நீங்கள் எழுதித் தருவீர்களா?

முத்திரைப்பித்தன்:
இன்றிரவே எழுதுகிறேன் தம்பி. இந்த முறை ஒரு பிரதி என்னிடமும் இருக்கும். அந்த விரிதாளின் வெற்றுப் படிவத்தை எனக்கும் அனுப்புங்கள், என் அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கப்போகிறேன்.

தபாலட்டைப்பெட்டி (திருகோணமலை):
அனுப்பிவிட்டேன் ஐயா. 301இன் தலைப்பையும் "வெளித்துறைமுகம்" என்று திருத்திவிட்டேன். திருத்திச் சொன்னவரின் மின்னஞ்சல் ஏட்டில் இருந்தது, இன்று காலை அவருக்கு எழுதியிருக்கிறேன்.